அப்பா படுத்த படுக்கை: வீட்டுக்கே வர்ற பிசியோ நிஜமாவே வருவாங்களா?

பனியன்காரன்:
வணக்கம். ஊர் நீடாமங்கலம் பக்கம் கிராமம். அப்பாவுக்கு 76 வயசு. பக்கவாதத்துல வலது பக்கம் இழுத்துக்கிச்சு. டிஸ்சார்ஜ் சீட்டுல "பிசியோ தொடரவும்"னு எழுதிட்டாங்க; யார்கிட்ட, எங்கன்னு சொல்லல. தூக்குறது, தொடைக்கிறது எல்லாம் அம்மாதான், அவங்களுக்கே முட்டி வலி. நான் திருப்பூர்ல இருக்கேன். பிரைவேட் பிசியோ கேக்குற காசு கட்டுப்படியாகல. அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வருவாங்களாமே, யாரைப் பாக்கணும்? இன்னொண்ணு, அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழ சிவந்திருக்காம்.

ரிட்டயர்டு நர்ஸம்மா:
தம்பி, கடைசியா போட்டீங்களே, அதை முதல்ல பாருங்க. அந்த இடத்தை விரலால அமுக்கி எடுக்கச் சொல்லுங்க. வெளுத்து மறுபடி சிவந்தா பரவாயில்ல. அமுக்கியும் மாறலன்னா படுக்கைப்புண் ஆரம்பிச்சாச்சு. நம்ம நிறத்துல சிவப்பு சரியா தெரியாது, அதனால சூடா, கெட்டியா இருக்கான்னும் தொட்டுப் பாக்கணும். அங்க தேய்க்கவே கூடாது. மெடிக்கல்ல ஓட்டை வச்ச ரப்பர் வளையம் தருவாங்க, வாங்காதீங்க. சுத்தி இருக்கிற தோலை அது நெரிக்கும். 2 மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கம் மாத்தணும். முழுசா ஒருக்களிக்க வேணாம், முதுகுக்குப் பின்னாடி தலையணை குடுத்து லேசா சாய்ச்சா போதும். கெண்டைக்காலுக்கு அடியில ஒண்ணு வச்சு, குதிகால் மெத்தையில படாம பாத்துக்கணும்.

திட்டத்துக்கு வர்றேன். 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது. சுகர், பிரஷர் மாத்திரைக்கு மட்டும்னு பல பேர் நினைக்கிறாங்க. பிசியோவும், படுக்கையில இருக்கறவங்களைப் பாக்குற பாலியேட்டிவ் நர்ஸும் அதுலயே உண்டு. ஆனா ஒரு வட்டாரம் முழுக்க அவங்கதான் சுத்தணும். லிஸ்ட்ல பேர் இல்லாத வீட்டுக்கு வரமாட்டாங்க. போன் போட்டுக் காத்திருக்காம, டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸோட துணை சுகாதார நிலையத்துக்குப் போய் வி.எச்.என்.கிட்ட (கிராம சுகாதார செவிலியர்) பேரை எழுத வைங்க. பிசியோ தினம் வரமாட்டாங்க. அதனால முதல் தடவை வரும்போது நீங்க ஊர்ல இருந்து, பயிற்சியை வீடியோ எடுத்துக்கோங்க.

வர்றவங்க படுத்திருக்கிறவரைப் பாத்துட்டுக் கிளம்பிடுவாங்க. என் சர்வீஸ் முழுக்க நான் பாத்தது, முதல்ல உடம்பு விழறது பக்கத்துல இருந்து பாத்துக்கற பொம்பளைக்குத்தான். அம்மாவுக்கும் பி.பி. பாக்கச் சொல்லிக் கேளுங்க.

மன்னார்குடியான்:
எங்க தெருவுல மாத்திரை ஒழுங்கா வருது. பிசியோ மட்டும் ஆடிக்கொருதரம் அமாவாசைக்கொருதரம். மாமாவுக்காக பி.எச்.சி. (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டரை நேர்ல பாத்துச் சொன்ன பிறகுதான் வந்தாங்க. பென்ஷன் மாதிரி விஷயத்துக்கு 14567 முதியோர் உதவி எண்ல கேக்கலாம், பிசியோவுக்கு அது ஆகாது.

பனியன்காரன்:
நன்றிங்கம்மா. அமுக்கினா வெளுக்குதாம். சித்தப்பா நாளைக்கு ஜெராக்ஸோட போறார். ஏர் பெட் வாங்கலாமா?

ரிட்டயர்டு நர்ஸம்மா:
வாங்கலாம். ஆனா அதுல படுக்க வச்சாலும் புரட்டறதை நிறுத்தக் கூடாது. அது மோட்டார்ல ஓடுறது; உங்க ஊர்ல கரண்ட் எப்படின்னு பாத்துக்கோங்க. மேல கனமான போர்வையை நாலா மடிச்சுப் போடாதீங்க, ஒரே ஒரு காட்டன் விரிப்பு போதும்.