மத ஈடுபாட்டின் உந்துதலை எந்த அளவுகோலால் அளப்பது?

வினா (உளவியல் முதுமாணி மாணவி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி):
யாழ்ப்பாணத்துச் சைவர்களிடமும் கத்தோலிக்கர்களிடமும் மத ஈடுபாட்டின் உந்துதலை ஒப்பிட்டு ஆராய எண்ணி, கோர்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ரொஸ்ஸும் 1967இல் வெளியிட்ட அளவுகோலைத் தமிழாக்கியிருக்கிறேன். மதத்தையே வாழ்வின் நோக்கமாகக் கொள்வது அகநோக்கு; ஆறுதல், சமூக உறவு போன்ற பயன்களுக்காக மதத்தை நாடுவது புறநோக்கு என்பது அதன் அடிப்படை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் விரதமிருந்து அடியழிக்கிற (விழுந்து கும்பிட்டபடி கோயில் வீதியைச் சுற்றி வருகிற) ஓர் அம்மா, இரு பக்கக் கூற்றுகளுக்கும் "முற்றாக உடன்படுகிறேன்" என்றே அடையாளமிட்டார். அவரை எதில் சேர்ப்பது?

மறுமொழி (ஆய்வுமுறை கற்பிப்பவர், கொக்குவில்):
தங்கச்சி, அவ்வாறு இரண்டையும் ஏற்றவர்களை அந்த ஆய்வாளர்கள் தனி வகையாகப் பிரித்து, இன வெறுப்பு அவர்களிடமே மிகுந்திருந்தது என்றும், எதையும் பிரித்தறியாத சிந்தனையே அதற்குக் காரணம் என்றும் விளக்கினார்கள். அமெரிக்கத் தேவாலயத்தினரிடம் திரட்டிய தரவிலிருந்து பிறந்த அந்த விளக்கத்தை இந்த அம்மாவின் மேல் ஏற்றுவது அநியாயம். கனடாவிலுள்ள மகனின் அகதி வழக்குக்காக நேர்த்தி வைத்து, வழக்கு வென்றபின் வெறுந்தரையில் விழுந்து கும்பிட்டு வீதி சுற்றி வருகிற ஒரு தாயிடம் வேண்டுதல் வேறு, பக்தி வேறு என்று பிரிக்க முடியுமா? அவர் கேட்ட பயன் தனக்கானதும் அன்று. எனவே வினாக்கொத்தை விரிவாக்குமுன், எதற்காக நேர்த்தி வைத்தார்கள், நிறைவேற்றியபின்னும் ஏன் விரதத்தைத் தொடர்கிறார்கள் என்று சிலரோடு இருந்து பேசிக் கேளுங்கள். புறநோக்கைத் தனிப்பட்ட பயன், சமூகப் பயன் என இரண்டாகப் பிரித்து கோர்சச், மக்பர்சன் ஆகியோர் 1989இல் திருத்திய 14 கூற்றுகள் கொண்ட வடிவத்தையும் பாருங்கள்.

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆசிரியர், இளவாலை):
பிள்ளை, கிறிஸ்தவச் சூழலில் உருவான அளவுகோல் என்பதால் கத்தோலிக்கரான எங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆகஸ்ட் 15ஆம் திகதி மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய், மர நிழலில் தங்கிச் சமைத்து, உறவுகளோடு கூடிச் செபமாலை சொல்லுகிறோம். அந்தக் கூடுதலே எங்கள் வழிபாட்டின் ஒரு பகுதி. அதைப் புறநோக்குக்கு ஒரு புள்ளியாக எண்ணுவது தனிமனித விசுவாசத்தை முதன்மைப்படுத்தும் புரட்டஸ்தாந்துப் பார்வை. உறவையும் சடங்கையும் சார்ந்த உந்துதல் யூதரிடமும் கத்தோலிக்கரிடமும் மதிப்புடையது என்று ஏடம் கோயனும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வாதிட்டதைக் கட்டாயம் வாசியுங்கள். மடுவுக்குச் சைவர்களும் நேர்த்தியோடு வருகிறார்கள் என்பதால், உங்கள் இரு குழுக்களுக்கும் இடையிலான கோடும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு நேரானதன்று.

மறுமொழி (புள்ளிவிபரவியல் பட்டதாரி, சாவகச்சேரி):
இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடுமுன் மூன்றைச் சோதியுங்கள்: காரணி அமைப்பு ஒன்றா (இரு குழுவிலும் அதே கூற்றுகள் ஒன்றுசேர்கின்றனவா), காரணிச் சுமைகள் சமமா (ஒவ்வொரு கூற்றும் உந்துதலோடு ஒரே அளவு தொடர்புடையதா), வெட்டுப்புள்ளிகள் சமமா (ஒரே அளவு உந்துதல் உள்ளவர்கள் எக்குழுவிலும் ஒரே புள்ளியைப் பெறுவார்களா). மூன்றாவது தேறாவிட்டால் சராசரிகளின் வேறுபாட்டுக்குப் பொருள் சொல்ல முடியாது. வீடுகளில் வினாக்கொத்தைக் கொடுக்கும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருக்க இளையவர்கள் "உடன்படவில்லை" என்று எழுதத் தயங்குவார்கள். தனியே நிரப்பி, உறையில் இட்டு ஒட்டித் தரச் சொல்லுங்கள்.