'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்றார்கள், நான் பாத்திரம் கழுவினேன்

செந்தூல்காரி:
1997. எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதிய கையோடு கோலாலம்பூரில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய்வழிக்கு மாறத் தயார் செய்யும் ஒரு வருஷப் புதுமுக வகுப்பு, அதற்கப்புறம் மலாய்வழி இடைநிலைப்பள்ளி என்று வந்தவள். ஆங்கிலத்தை எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். யாராவது பேசினால் கை கால் உதறும்.

சீனப் புத்தாண்டுக்கு மேலதிகாரி அம்மா எங்கள் எல்லாரையும் வீட்டுக்கு அழைத்தார். பஸ்ஸை நம்பிச் சீக்கிரமே கிளம்பியதில் முதல் ஆளாய்ப் போய் நின்றது நான்தான். மேசை நிறைய மீஹூன், கோழிக் கறி, ஒரு கூடை மண்டரின் ஆரஞ்சு. அவர் மேசைப் பக்கம் கையைக் காட்டி, "ஹெல்ப் யுவர்செல்ஃப், ஆ" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். என் காதில் நின்றது 'ஹெல்ப்' மட்டும். பாவம், தனி ஆளாய்த் தவிக்கிறார் போல என்று பின்னாலேயே போய், தொட்டியில் கிடந்த தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தேன். ஏழாவது தட்டில் அவர் திரும்பிப் பார்த்தார். "ஐயோ!" (இந்த ஊரில் ஐயோ எல்லா இனத்துக்கும் பொது.) கை நிறைய நுரையோடு நான் திருதிரு என்று முழித்தேன்.

அர்த்தம் தெரிந்திருந்தாலும் நானாக எடுத்துச் சாப்பிட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். எங்கள் அம்மா கரண்டியோடு பக்கத்திலேயே நிற்பார். மூன்று தரம் 'போதும்' சொன்ன பிறகும் நாலாவது கரண்டி விழும். விருந்தாளி தானே சட்டியைத் திறந்தால் அடுத்த கல்யாணம் வரைக்கும் அதே பேச்சுதான்.

உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பாயான் லெப்பாஸ் பையன்:
எனக்கில்லை, என் மாமாவுக்கு. கெடாவில் தோட்டத்திலிருந்து பினாங்குக்கு வந்திருந்தார். மதியம், சோறும் விதவிதமான கறியும் பரப்பி வைத்திருக்கும் ஒரு நாசி சம்பூர் கடை வாசலில் இறக்கிவிட்டு, காடி நிறுத்த இடம் தேடிப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மாமா சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் ஒரு தண்ணீர்க் கிளாஸ்கூட இல்லை. "இருபது நிமிஷமா இருக்கேன்டா, ஒருத்தனும் என்ன வேணும்னு கேட்கலை." அவர் தலைக்கு மேலேயே பலகை: 'லாயான் டிரி', அதாவது நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மலாய் நன்றாகத் தெரிந்தவர்தான். பெட்ரோல் நிலையத்தில் அதே எழுத்தைப் பார்த்து அவரே எண்ணெய் போட்டுக்கொள்வார். ஆனால் சோறு என்றால் யாராவது கேட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மலாய்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். கடைப் பலகைக்கு 'லாயான் டிரி', வீட்டுக்கு வந்தவருக்கு 'ஜெம்புட் மாக்கான்' (வாங்க, சாப்பிடுங்க). ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ஹெல்ப் யுவர்செல்ஃப் என்றே சொல்லிவிடலாம். சிரித்துக்கொண்டு சொல்கிறார்களா, சிரிக்காமல் சொல்கிறார்களா என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் டீச்சர்:
செந்தூல்காரி, ஏழு தட்டுக்குச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். தப்பு உங்கள் மேல் இல்லை. ஹெல்ப் என்றால் உதவி என்று ஒரே ஒரு அர்த்தத்தோடு நாங்கள் நிறுத்திவிடுகிறோம். சாப்பாட்டு மேசையில் அதற்குப் 'பரிமாறு' என்றும் பொருள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்ட பொருள். ஒரு தரம் போடும் சோற்றை 'ஹெல்பிங்' என்பது அதிலிருந்து வந்ததுதான். ஆக, உங்கள் மேலதிகாரி சொன்னது 'உனக்கு நீயே பரிமாறிக்கொள்' என்று. பாயான் லெப்பாஸ் தம்பி சொன்ன 'லாயான் டிரி'யும் அச்சு அசல் அதே கட்டுதான்.

பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: நம்மிடம் 'கொள்' இருக்கிறது. எடு வேறு, எடுத்துக்கொள் வேறு. போடு என்றால் யாருக்கோ போடுவது. போட்டுக்கொள் என்றால் தன் தட்டில். அந்தக் 'கொள்' செய்கிற வேலையைத்தான் அங்கே 'யுவர்செல்ஃப்' செய்கிறது. "கூச்சப்படாம எடுத்துக்கோங்க" என்பதை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் வாய் தடுமாறாது.

சறுக்குகிற இடங்கள் இரண்டு. ஒன்று, எதை எடுப்பது என்று சொல்லும்போது நடுவில் 'டு' வேண்டும்: ஹெல்ப் யுவர்செல்ஃப் டு சம் ரசம். இதை விழுங்கிவிட்டு 'ஹெல்ப் யுவர்செல்ஃப் தி கேக்' என்று எழுதாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. இன்னொன்று எனக்குப் பிடித்த தவறு. ஒரு பையன் தலைமையாசிரியரிடம் பலகாரத் தட்டை நீட்டி, "ஹெல்ப் யுவர்செல்வ்ஸ், சார்" என்றான். ஏன்டா என்றால், "நீங்கன்னுதானே டீச்சர் சொல்லணும்?" மரியாதைக்குப் பன்மை போட்டிருக்கிறான்! ஆங்கிலத்தில் ஒருவர் என்றால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், யுவர்செல்ஃப்தான். இரண்டு பேர் நின்றால்தான் யுவர்செல்வ்ஸ். மார்க் குறைக்க மனசு வரவில்லை, ஆனாலும் குறைத்தேன்.

ஒரு எச்சரிக்கை. வேறொருவரைப் பற்றி நடந்ததைச் சொல்லும்போது இதே சொல்லுக்கு ஒரு கொடுக்கு முளைக்கும். 'ஹி ஹெல்ப்ட் ஹிம்செல்ஃப் டு மை அம்ப்ரெல்லா' என்றால், கேட்காமல் கொள்ளாமல் என் குடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று அர்த்தம். பாராட்டு என்று நினைத்து எழுதிவிடாதீர்கள்.

பட்டர்வொர்த் வாசி:
நான் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட ஆள். கடையில் வேலை பார்த்தபோது ஒரு பாட்டி வந்து, ஆங்கிலத்தில், சின்னப் பேட்டரி எங்கே என்று கேட்டார். தலையைத் தூக்காமல் "யூ ஹெல்ப் யுவர்செல்ஃப் லா" என்றேன். என் மனதில் இருந்தது, அங்கே இருக்கு, எடுத்துக்கோங்க. பாட்டி பக்கத்தில் நின்ற பேத்தியிடம் தமிழில், "உதவ மாட்டானாம், நாமளே பார்த்துக்கணுமாம்." நான் தமிழன் என்று அவருக்குத் தெரியாது. எழுந்து போய், "வாங்க பாட்டி, நான் எடுத்துத் தர்றேன்" என்றேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பேட்டரி வாங்கிக்கொண்டு பத்து நிமிஷம் என் அம்மா ஊர், அப்பா ஊர் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் போனார்.

செந்தூல்காரி:
டீச்சர், அந்தக் 'கொள்' விஷயத்தை 1997-இல் யாராவது சொல்லியிருந்தால் ஏழு தட்டு மிச்சம்.

அந்த மேலதிகாரி அம்மா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருவார். போன வருஷம் முறுக்கையும் ஆட்டுக்கறியையும் மேசையில் வைத்துவிட்டு, பெரிய தோரணையில் "ப்ளீஸ், ஹெல்ப் யுவர்செல்ஃப்" என்றேன். அவர் கைப்பையைக் கீழே வைத்தார், சட்டைக் கை இரண்டையும் மடித்துவிட்டார், நேரே எங்கள் சமையலறைக்குள் நடந்தார். அம்மா பதறிப்போய்க் கரண்டியோடு பின்னாலேயே ஓடினார்.