மெய்னுக்குப் பிறகு: ரெட் ஃப்ளாக் மனுவை யார் யார் போடலாம்?

மலைச்சாரல் (டென்வர்):
2025 நவம்பரில் அமெரிக்காவின் மெய்ன் மாநில மக்கள் நேரடியாக வாக்களித்து ரெட் ஃப்ளாக் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். இதோடு 22 மாநிலங்கள். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் தன்னையோ மற்றவரையோ சுட்டுவிடுவார் என்ற பயம் இருந்தால் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிபதி ஒத்துக்கொண்டால் அவரிடம் இருக்கும் துப்பாக்கிகளைத் தற்காலிகமாக வாங்கி வைப்பார்கள். கைது கிடையாது. பெரும்பாலான இடங்களில் இரண்டு வாரத்துக்குள் முழு விசாரணை நடக்கும், அதில் உறுதியானால் பொதுவாக ஒரு வருடம்.

கேள்வி, மனுவை யார் போடலாம் என்பதுதான். ஃப்ளோரிடாவில் போலீஸ் மட்டும். எங்கள் கொலராடோவில் குடும்பத்தாரும் போலீஸும் போடலாம் என்று இருந்ததை 2023இல் விரிவாக்கி, டாக்டர், மனநல ஆலோசகர், ஆசிரியர், அரசு வழக்கறிஞர் எல்லோரையும் சேர்த்தார்கள். மற்ற மாநிலங்களும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

மெய்னின் லூயிஸ்டன் நகரை நினைத்துப் பாருங்கள். 2023 அக்டோபரில் ஒருவன் சுட்டு 18 பேர் செத்தார்கள். சுட்டவனின் மகனும் முன்னாள் மனைவியும் அவனைப் பற்றிய பயத்தை அதே வருடம் மே மாதமே ஷெரிஃப் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அன்றைய மெய்ன் சட்டப்படி குடும்பம் நேராக நீதிபதியிடம் போக முடியாது. முதலில் போலீஸ் ஆளைப் பிடிக்க வேண்டும், அப்புறம் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், அப்புறம்தான் நீதிபதி. முதல் படியிலேயே நின்றுவிட்டது. செப்டம்பரில் வீட்டுக் கதவைத் தட்டினார்கள், திறக்கவில்லை, திரும்பிப் போய்விட்டார்கள்.

பாலாறு (ஹூஸ்டன்):
நண்பரே, மறுக்கிறேன். எங்கள் டெக்சாஸில் 2025 செப்டம்பர் 1 முதல் இப்படிப்பட்ட ஆணைகளுக்கே தடை. அதை நான் வரவேற்றேன். காரணம் சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) வைத்திருக்கிறேன். ஒருமுறை இரவு பதினொன்றரைக்கு முகமூடி போட்ட இருவர் உள்ளே வந்து கல்லாவைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். போலீஸ் வந்தது நாற்பது நிமிடம் கழித்து. அன்றிலிருந்து கவுண்டருக்குக் கீழே துப்பாக்கி இருக்கிறது. நான் இல்லாத அறையில், என்னைக் கேட்காமல், யாரோ எழுதிக் கொடுத்த தாளை வைத்து அதை எடுத்துப் போகலாம் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படி எழுதிக் கொடுப்பவர்களின் பட்டியலை நீங்கள் இன்னும் நீட்டச் சொல்கிறீர்கள்.

மேரிலாண்டில் நடந்தது நினைவிருக்கிறதா? 2018 அக்டோபரில் சட்டம் அமலுக்கு வந்தது. நவம்பர் 5, காலை 5.17. விடியவே இல்லை. ஆணையோடு போலீஸ் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியது. அந்த நேரத்தில் தட்டினால் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்? துப்பாக்கியோடுதான் கதவைத் திறந்தார். விஷயம் தெரிந்ததும் கீழே வைத்ததை மறுபடி எடுத்தார், இழுபறியில் குண்டு வெடித்தது, இன்னொரு போலீஸ்காரர் அவரைச் சுட்டுக் கொன்றார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. உயிரைக் காப்பாற்றப் போட்ட சட்டம் அந்த வாசலில் ஓர் உயிரை எடுத்தது.

லூயிஸ்டன் பற்றியும் ஒரு வார்த்தை. இருந்த சட்டத்தைப் பயன்படுத்தவே போதுமான காரணம் இருந்தது என்று மெய்ன் அரசு அமைத்த விசாரணைக் குழுவே சொல்லிவிட்டது. பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். அதற்கு இன்னொரு சட்டமா?

செவிலி அக்கா (நியூஜெர்சி):
தம்பி பாலாறு, உங்கள் கடையில் நடந்ததைப் படித்து வருத்தமாக இருந்தது. ஆனால் பேச்சு முழுக்க கூட்டத்தில் சுடுகிறவர்களைப் பற்றியே போகிறது. 2023இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் ஏறக்குறைய 46,700 பேர். அதில் 27,000க்கும் மேல் தற்கொலை. மாத்திரை விழுங்கியவரைப் பல நேரம் பிழைக்க வைத்துவிடுகிறோம். துப்பாக்கி அந்த வாய்ப்பைக் கொடுப்பதில்லை.

நான் டயாலிசிஸ் நர்ஸ். என் நோயாளி ஒருவர், எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். ஒருநாள் அவருக்கு ஊசி குத்திவிட்டு வெளியே வந்தேன். அவர் மனைவி காரிடாரில் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லென்று இருந்தன. "தலையணைக்கு அடியில் ரிவால்வரை வைத்துக்கொண்டு படுக்கிறார், இந்த மெஷினுக்கு இனிமேல் வர மாட்டேன் என்கிறார்" என்றார். நீங்களே கோர்ட்டில் மனுப் போடலாம் அம்மா என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவரை எப்படிக் காட்டிக்கொடுப்பேன் என்பதுதான் அவருக்கு.

எங்கள் மாநிலத்தில் குடும்பமும் போலீஸும்தான் மனுப் போட முடியும். நானோ எங்கள் டாக்டரோ போட முடியாது. அந்த அம்மாவால் முடியாததை நாங்கள் செய்திருப்போம். பழியும் எங்கள் மேலேயே இருந்திருக்கும், அவர் வீட்டுக்குள் நிம்மதியாக இருந்திருப்பார்.

பாலாறு:
அக்கா, தற்கொலை விஷயத்தில் உங்களோடு சண்டை போட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். நர்ஸிடம் சொன்னால் துப்பாக்கி போய்விடும் என்று தெரிந்தால் அந்த அம்மா உங்களிடம் வாயைத் திறந்திருப்பாரா? ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசும் முன்னாள் ராணுவத்தினர் எத்தனை பேர் நின்றுவிடுவார்கள்? பொய் மனுவும் இருக்கிறது. கொலராடோவிலேயே, தன் மகனைச் சுட்ட போலீஸ்காரர் மேல், அவரோடு தனக்குக் குழந்தை இருப்பதாகப் பொய்யாக எழுதி ஒரு பெண் மனுப் போட்டாரே.

மலைச்சாரல்:
அந்த மனுவை நீதிபதி தள்ளுபடி செய்தார். பொய் சொன்னதற்காக அந்தப் பெண்ணுக்கு வழக்கும் தண்டனையும் வந்தது. சட்டம் தன் வேலையைச் செய்ததற்கு அது உதாரணம். எங்கள் மாநிலத்தில் எதிர்த்தரப்புக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலும் ஆபத்தானவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கி வைக்கலாம் என்று 2024இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றமே 8-1 என்று ஒத்துக்கொண்டாகிவிட்டது.

வழக்காடி (சிகாகோ):
ஒரு திருத்தம், மலைச்சாரல். ரஹிமி வழக்கு குடும்ப வன்முறைத் தடை ஆணை பற்றியது. அதில் நோட்டீஸ் கொடுத்து, விசாரணைக்கு வாய்ப்பும் தந்த பிறகுதான் ஆணை வந்தது. எதிர்த்தரப்பைக் கேட்காமல் முதல் நாளில் தரும் ஆணை சரியா என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. பாலாறு பயப்படுவதும் அந்த முதல் இரண்டு வாரத்தைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

பாலாறு, உங்களுக்கும் ஒன்று. ஹைலண்ட் பார்க் இங்கிருந்து பக்கம். அங்கே 2022 ஜூலை 4 சுதந்திர தின அணிவகுப்பில் ஒரு பையன் சுட்டு 7 பேர் செத்தார்கள். 2019இல் அந்தப் பையன் வீட்டிலிருந்து போலீஸ் 16 கத்திகளை எடுத்துப் போயிருந்தது. இல்லினாயில் ரெட் ஃப்ளாக் சட்டம் அப்போதே அமலில் இருந்தது. யாரும் மனுப் போடவில்லை. சட்டம் உதவாது என்பதற்கு நீங்கள் இதைக் காட்டலாம். மனுப் போடக்கூடியவர்கள் குறைவு என்பதற்கு மலைச்சாரல் காட்டலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. வீட்டார் பாசத்தால் தயங்குகிறார்கள், போலீஸ் பழக்கத்தால் தயங்குகிறது.

பாலாறு:
வழக்காடி சார் சொன்னது சரி, அந்த இரண்டு வாரம்தான் எனக்கு உறுத்துகிறது. மூன்று நாளில் விசாரணை, கையில் வழக்கறிஞர், பொய் மனுவுக்குக் கட்டாயத் தண்டனை, விடியற்காலையில் கதவைத் தட்டாமை. இத்தனையும் எழுத்தில் இருந்தால் டாக்டரைச் சேர்ப்பது பற்றிப் பேசலாம். ஆசிரியர் வேண்டாம். அதற்கு முன்னால், துப்பாக்கியை மச்சான் வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்துவைக்க ஒரு வாய்ப்புத் தர வேண்டும். கோர்ட் எதற்கு?

மலைச்சாரல்:
லூயிஸ்டனில் அதைத்தானே செய்தார்கள்? துப்பாக்கிகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று குடும்பத்திடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

செவிலி அக்கா:
எங்கள் நோயாளி வீட்டிலும் அப்படித்தான் முடிந்தது, ஆனால் நல்லபடியாக. பென்சில்வேனியாவிலிருந்து அவர் தம்பி காரை ஓட்டிக்கொண்டு வந்து, மீன்பிடிக்கப் போகலாம் என்று இரண்டு நாள் கூடவே இருந்து, போகும்போது ரிவால்வரை எடுத்துப் போய்விட்டார். இவர் இன்றும் செவ்வாய், வியாழன், சனி வருகிறார். குளிர்கிறது என்று போர்வை கேட்கிறார்.

தம்பி, அப்படி ஒரு தம்பி இல்லாத வீடும் என் வார்டில் இருக்கிறது. அவர்களுக்கு என்ன வழி என்று சொல்லுங்கள், கேட்கிறேன்.