மல்டிபிளெக்சிங்: ‘பன்முனைக் காத்திருப்பு’ பொருந்துமா?

வணக்கம். ஒரே நிரல் பல சாக்கெட்டுகளை (நெட்வொர்க் தொடர்புக்கு நிரல் திறக்கும் முனைகளை) ஒருசேரக் கவனிக்கும் மல்டிபிளெக்சிங் முறைக்கு ‘பன்முனைக் காத்திருப்பு’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

> சாக்கெட் நிரல்களில் வரும் மல்டிபிளெக்சிங்கிற்கும் தொலைத்தொடர்பில் சொல்லும் ‘பல்சேர்ப்பு’ என்பதையே வைத்துக்கொள்ளலாமே. புதிதாக எதற்கு இன்னொன்று?

ஐயா, தொலைத்தொடர்பில் அந்தச் சொல் நன்றாகவே பொருந்துகிறது. அங்கே பல குறிகைகள் (சிக்னல்கள்) ஒரே கம்பியில் ஏறிப் போகின்றன, மறுமுனையில் பிரித்தெடுக்கிறோம். சாக்கெட் நிரல்களில் இதற்குப் பயன்படும் செலக்ட், போல், ஈபோல் என்ற அழைப்புகள் மூன்றிலும் அப்படி எதுவும் எதோடும் கலப்பதில்லை. ஒவ்வொரு வாங்கிக்கும் (கிளையன்ட்) தனி சாக்கெட், அதைக் குறிக்கும் எண்ணாகத் தனி ஃபைல் டிஸ்கிரிப்டர், இயங்குதளத்தின் மையமான கெர்னலில் தனி இடையகம் (பஃபர்). ஒன்றாகச் சேர்வது நிரலின் காத்திருப்பு மட்டுமே.

சின்ன வழங்கி (சர்வர்) நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அக்செப்ட் செய்து (இணைப்பை ஏற்று), வந்த வாங்கியிடம் ரீட் செய்து (தரவைப் படித்து), பதில் அனுப்பும் சாதாரண வளையம். முதல் வாங்கி இணைந்துவிட்டு ஒன்றும் அனுப்பாமல் இருந்தால், நிரல் ரீட் வரியிலேயே நின்றுவிடும். அந்த நேரத்தில் இரண்டாவது வாங்கி வருகிறது. அதன் கனெக்ட் வெற்றி என்றே திரும்பும். இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலைக் கெர்னலே முடித்து, இணைப்பை பேக்லாக் என்ற காத்திருப்பு வரிசையில் வைத்துவிடுகிறது. அது அனுப்பும் தரவும் வந்து சேரும். பதில் மட்டும் வராது. புதிதாகப் படிப்பவர்கள் நெட்வொர்க்கில் கோளாறு என்று தேடி அலைவது இங்கேதான். உண்மையில் நிரல் ஒரே முனையில் காத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

வாங்கிக்கு ஒரு ஃபோர்க் (நிரலின் தனிப் பிரதி), அல்லது வாங்கிக்கு ஓர் இழை (த்ரெட்) என்று தீர்த்தால், காத்திருப்பைப் பல பேருக்குப் பங்கிடுகிறோம். 1983இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் இயங்குதளப் பதிப்போடு வந்த செலக்ட் வேறு வழியில் போனது: ஒரே இழை எல்லா முனைகளிலும் ஒருசேரக் காத்திருந்து, எது ஆயத்தமோ அதை மட்டும் கவனிக்கும். அதனால்தான் ‘பன்முனைக் காத்திருப்பு’ என்கிறேன்.

> ‘பல்லிணைப்புக் கண்காணிப்பு’ இன்னும் தெளிவாக இல்லையா?

இரண்டு இடத்தில் இடிக்கிறது. செலக்ட்டிடம் தரும் பட்டியலில் லிசன் செய்யும் சாக்கெட்டும் இருக்கும். அது இணைப்பே அல்ல, இணைப்புகள் வந்து சேரும் வாசல். பைப்பையும் (நிரல்களுக்கிடையே தரவு போகும் குழாய்) விசைப்பலகை உள்ளீட்டையும்கூட அதே பட்டியலில் போடலாம். ‘முனை’ என்றால் அத்தனையும் அடங்கும். அடுத்து, ‘கண்காணிப்பு’ என்ற சொல்லை வழங்கியின் நலம் பார்க்கும் மானிட்டரிங்குக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஒரே பாடத்தில் இரண்டும் வந்தால் மாணவர் குழம்புவார்.

சொல் நீளம் என்ற குறை நியாயமானது. ஆனாலும் தொடர்கள் தடையின்றிப் பிறக்கின்றன: காத்திருப்புப் பட்டியல், ஆயத்தப் பட்டியல், காத்திருப்பு வரம்பு (டைம்அவுட்). செலக்ட்டுக்கும் ஈபோலுக்கும் உள்ள வேறுபாட்டைக்கூட இவற்றைக் கொண்டே சொல்லிவிட முடிகிறது. செலக்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் காத்திருப்புப் பட்டியலை முழுதாகக் கொடுக்க வேண்டும். லினக்ஸில் வழக்கமாக 1024 அல்லது அதற்கு மேற்பட்ட எண் கொண்ட டிஸ்கிரிப்டர்களை அது ஏற்காது. ஈபோலில் பட்டியல் கெர்னலிடமே இருக்கும், நமக்குத் திரும்பி வருவது ஆயத்தப் பட்டியல் மட்டும்.

ஈபோல் அறிவிக்கும் முறைகளான எட்ஜ் டிரிகர் (புதிதாக ஏதேனும் வரும்போது மட்டும் அறிவிப்பது), லெவல் டிரிகர் (படிக்காத தரவு இருக்கும்வரை ஒவ்வொரு முறையும் அறிவிப்பது) இரண்டுக்கும் ‘மாற்றத் தூண்டல்’, ‘நிலைத் தூண்டல்’ என்று வைக்கலாம். மாற்றத் தூண்டலில் தரவைப் பாதி படித்துவிட்டு விட்டால், புதுத் தரவு வரும்வரை மறுபடி அறிவிப்பு வரும் என்று நம்ப முடியாது. எட்ஜை ‘விளிம்பு’ என்று நேராகப் பெயர்த்தால் இந்த எச்சரிக்கை காதில் விழாது. மின்னணுவியல் பாடங்களில் ‘விளிம்பு’ ஊன்றிவிட்டது என்று கருதுகிறவர்கள் தங்கள் காரணத்தை எழுதுங்கள்.