புதுப்பிப்பு: உபுண்டுவுக்கு ஆன்டிவைரஸ், ஃபயர்வால் வேண்டுமா?

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: வீட்டில் எந்நேரமும் ஓடும் ஓர் உபுண்டு 22.04 (லினக்ஸ்) கணினி. சாம்பா வழியே விண்டோஸ் லேப்டாப்களுக்குக் கோப்புப் பகிர்வு, டாக்கரில் (ஆப்களைத் தனித்தனி கன்டெய்னர்களில் ஓட்டும் மென்பொருள்) ஒரு புகைப்பட ஆப். இதற்கு ஆன்டிவைரஸும் ஃபயர்வாலும் தேவையா?

"முதலில் ஃபயர்வால்" என்றவர் சொன்னதுதான் சரி. யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் கருவி உபுண்டுவிலேயே இருக்கிறது, ஆனால் அணைத்த நிலையில்தான் வருகிறது. தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்ஹெச்சுக்கும், வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் சாம்பாவுக்கும் அனுமதி கொடுத்துவிட்டு, அப்புறம்தான் எனேபிள் செய்ய வேண்டும். வரிசை மாறினால் தொலைவிலிருந்து உள்ளே வர முடியாது.

எதிர்பாராதது இனிமேல்தான். எல்லாம் மூடிய பிறகும் புகைப்பட ஆப்பின் 8080 போர்ட் (நெட்வொர்க் வாசல்) பக்கத்து லேப்டாப்பில் திறந்தது! யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸில் அந்த போர்ட்டே இல்லை. டாக்கர் தன் விதிகளை நேராக ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் விதிப்பட்டியல்) எழுதிவிடுகிறது. யூஎஃப்டபிள்யூ போட்ட தடை அதற்குப் பொருந்துவதில்லை. டாக்கரின் அமைப்புக் கோப்பான கம்போஸ் கோப்பில் 8080:80 என்றிருந்ததை 127.0.0.1:8080:80 (இந்தக் கணினிக்கு மட்டும்) என்று மாற்றி, கன்டெய்னரை மறுபடி எழுப்பியதும் மூடிக்கொண்டது. இப்போது ஆப்பை எஸ்எஸ்ஹெச் டனல் (பாதுகாப்பான இணைப்பு) வழியே பார்க்கிறேன். டாக்கர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே சோதித்துப் பாருங்கள்.

ஆன்டிவைரஸ் விஷயத்தில், பகிர்வு ஃபோல்டருக்கு மட்டும் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸைப் போட்டேன், இரவில் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கருவி) வழியே ஓடுகிறது. பழைய பென்டிரைவிலிருந்து வந்த ஒரு எக்ஸ்இ கோப்பைப் பிடித்தது. அது விண்டோஸ் வைரஸ். லினக்ஸில் ஓடாது, ஆனால் லேப்டாப்களுக்குப் போயிருக்கும். அதன் பின்னணியில் எப்போதும் ஓடும் கிளாம்டி டீமனை மட்டும் நிறுத்திவிட்டேன், ரேமை நிறையவே தின்கிறது. பகிர்வே இல்லாத டெஸ்க்டாப் என்றால் ஆன்டிவைரஸ் போடமாட்டேன். அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.