சங்கத் தியானத்துக்குப் போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டை:

எங்கள் சபை பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒன்பது வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். போன வருடம்வரை மூன்று தியான முகாம் நடத்தியிருக்கிறோம். மூன்றிலும் நான் ஒரு பிரசங்கத்தைக்கூட முழுதாக உட்கார்ந்து கேட்டதில்லை. காலை ஐந்து மணிக்குச் சுக்குக் காப்பி போடுவதில் ஆரம்பித்து, இராத்திரி பாத்திரங்களை எண்ணிச் சாக்கில் கட்டும்வரை அடுப்படிதான். என்னைப் போல இன்னும் ஐந்தாறு பேர். உள்ளே பாமாலை பாடும் சத்தம் கேட்கும், நாங்களும் வெங்காயம் உரித்தபடியே கூடப் பாடுவோம். அதுவே போதும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான இந்த லெந்து காலத்தில் களக்காடு பக்கம் மலையடிவாரத்தில் ஒரு தியான இல்லத்துக்கு இரண்டு நாள் போனோம், மொத்தம் 42 பேர். எங்கள் குருவானவரின் மனைவி, ஐயரம்மா, ஒரே பிடியாக நின்றார்கள். சமையலுக்கு வெளியாள் வைப்போம், தலைக்கு இருநூறு ரூபாய் கூட ஆகட்டும், நம்மில் ஒருத்தரும் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். பீடி சுற்றிப் பிழைக்கிற நான்கு பேருக்கு அந்த இருநூறு பெரிய காசு. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டு வைப்போமே, அந்தப் பிடி அரிசியை விற்ற பணத்திலிருந்து அவர்கள் பங்கைக் கட்டினோம். யாருக்குக் கட்டினோம் என்று நோட்டில் பெயர் எழுதவில்லை. அது ஐயரம்மா சொன்னதுதான்.

முதல் நாள் காலையில் ஒரு பனையோலைப் பெட்டி சுற்றி வந்தது, காணிக்கைக்கு இல்லை, எல்லோருடைய செல்போனையும் அதில் போடச் சொன்னார்கள். அப்புறம் மாற்கு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் சீஷர்களைத் தனித்து இளைப்பாற அழைக்கிற பகுதியை வாசித்தார்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் அதிகமாக இருந்ததால் சாப்பிடக்கூட அவர்களுக்கு நேரமில்லை என்று அதே வசனத்தில் இருக்கிறது. எத்தனை தடவை வாசித்திருப்பேன், அந்த வரி அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. வாசித்து முடித்ததிலிருந்து சாயங்காலம் வரை மௌனம். பேசக் கூடாது, பாடக் கூடாது, ஆளுக்கொரு மரத்தடி.

எனக்கு ஒரு வேப்ப மரம் கிடைத்தது. முதல் அரை மணி நேரம் ஜெபமே வரவில்லை. சிலிண்டர் எப்போது தீரும், மகனுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியாயிற்றா என்று வீடே தலைக்குள் ஓடியது. மடியில் விரித்து வைத்திருந்த வேதாகமத்தின்மேல் வேப்பம்பூ உதிர்ந்து உதிர்ந்து வரிகளை மறைத்தது. ஊதிவிட்டுப் பார்த்தால் ஆதியாகமம் பதினாறு, எஜமானியிடமிருந்து ஓடிப்போன அடிமைப் பெண் ஆகார் வனாந்தரத்தில் நிற்கிற இடம். "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று அவள் சொல்கிறாளே, ஆறுதலான வசனம் என்றுதான் அதை எப்போதும் சொல்லிக்கொடுப்போம். அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது. ஏனென்றால் நேர் எதிரே, நாலு மரம் தள்ளி, நான் இரண்டு வருடமாகப் பேசாத சங்கத்து அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். சங்கப் பண்டிகைக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி சேலை எடுத்தோம். அந்த அக்காதான் பணம் வசூலித்தார்கள், கணக்கு எழுதியது நான். கடைசியில் கணக்கில் செலவைவிட வசூல் 1,140 ரூபாய் குறைந்தது. நான் அவர்களைத் திருடி என்று சொல்லவில்லை. ஆனால் யார் கேட்டாலும் "வசூல் அவங்க கையிலதான் இருந்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அது போதுமே. அடுத்த மாதத்திலிருந்து அவர்கள் கூட்டத்துக்கு வருவதையே குறைத்துவிட்டார்கள்.

மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவக் குழாயடிக்குப் போனேன். அவர்கள் முன்னால் நின்றார்கள். மௌனம் இன்னும் முடியவில்லை, சாப்பாடும் பேசாமல்தான். தன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கையை நீட்டி என் தட்டை வாங்கினார்கள், சாம்பல் தொட்டு அழுத்தித் தேய்த்து, இரண்டு தடவை அலசி, முந்தானையில் துடைத்துத் தந்தார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சாயங்காலம் மணி அடித்து மௌனம் முடிந்ததும் நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கணக்கு நோட்ட இன்னும் வச்சிருக்கியளா?" வைத்திருந்தேன், சங்கப் பையிலேயே கிடந்தது. இரண்டு பேரும் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கூட்டினோம். தையல் கூலி 1,140 ரூபாயை இரண்டு பக்கத்தில் இரண்டு தடவை எழுதியிருந்தேன். பணம் குறையவே இல்லை. என் கையெழுத்துதான்.

அவர்கள் திட்டவில்லை. "எங்க வீட்டுக்காரர்கூட என்னைய நம்பல" என்று மட்டும் சொன்னார்கள்.

மறுநாள் காலை எல்லோரும் டோனாவூர் போனோம். மிஷனரியாக வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-இல் அங்கே பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்க ஆரம்பித்த இடம். 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951-இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழித்தவர்கள். கல்லறையில் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், வளர்த்த பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, தாயைக் குறிக்கும் ஒரே சொல்லை மட்டும் அதில் பொறித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவுதான் எனக்கு நடந்தது. உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

தாம்பரம்:

அக்கா, வாசித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் கல்யாணமாகி வந்த பிறகு ஒரு தியானத்துக்கும் போனதில்லை. மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், சின்னவனுக்கு இரண்டு வயது, எங்கே போவது? வீட்டு ஜெபத்துக்கு வந்த சங்கத்துப் பெரியம்மா ஒருவர், பாட்டுப் பாடி முடித்த பிறகும் கிளம்பவில்லை. "நீ போய்ப் படும்மா, நான் சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்" என்றார்கள். மாமியாருக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்கலாம் என்பதை மட்டும் கேட்டு, அளவு டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். நான் நான்கு மணி நேரம் தூங்கினேன். எழுந்து வந்து பார்த்தால் சின்னவன் அவர்கள் மடியில், மாமியாருக்கு சங்கீதம் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் முறை வைத்து வருகிறார்கள். தியான முகாமுக்குப் போக முடியாதவர்களை உங்கள் சங்கங்களில் எண்ணிப் பாருங்கள், நிறைய பேர் இருப்பார்கள்.

நாகர்கோவில்:

நான் ஒன்று சொல்ல வேண்டும், யாரும் தப்பாக நினைக்காதீர்கள். எல்லாத் தியானமும் இப்படி அமைவதில்லை. வீட்டுக்காரர் இறந்து மூன்றாம் மாதம் என்னை ஒரு முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். சாட்சி நேரத்தில் பேச வந்த சிஸ்டர் மைக்கை என் கையில் திணித்து, கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நான் அழுததைப் பார்த்து, பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்றார்கள். அது அபிஷேகம் இல்லை, வலி. அதற்குப் பிறகு இரண்டு வருடம் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. நீங்கள் எழுதிய அந்த மௌன நேரத்தை அன்றைக்கு எனக்கு யாராவது கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். துக்கத்தில் இருக்கிறவளிடம் மைக்கைக் கொடுக்காதீர்கள். தயவுசெய்து.

குவைத்:

இங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஆராதனையும் அன்றைக்குத்தான். அதனால் மார்ச் முதல் வெள்ளி வருகிற உலக ஜெப தினம் எங்களுக்கு வசதியாக அமைந்துவிடும், ஊரில் வேலை நாளில் லீவு போட்டுப் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறையை எழுதுகிறார்கள். 2024-இல் பாலஸ்தீனப் பெண்கள், 2025-இல் குக் தீவுப் பெண்கள். அந்தத் தீவுகள் பசிபிக் கடலில் எங்கே இருக்கின்றன என்று நான் வரைபடத்தில் தேடித்தான் பார்த்தேன். "கியா ஓரானா" என்பது அவர்கள் வணக்கம் சொல்லும் முறை, நீடூழி வாழ்க என்று பொருள். அதை ஒருவருக்கொருவர் சொல்லித்தான் ஆரம்பித்தோம்.

அன்றைக்கு வசனம் வாசிக்க வேண்டிய அக்கா வரவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சியைக் கூப்பிட்டேன். வீட்டு வேலைக்கு வந்தவள், மாதத்தில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் அவளை வெளியே விடுவார்கள். சங்கீதம் 139. "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். எழுத்துத் தெரியவில்லையோ என்று பக்கத்தில் போனேன். "இல்லக்கா, இன்னொரு தரம் வாசிக்கட்டா?" என்று கேட்டாள். மூன்று தடவை வாசித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பாளையங்கோட்டை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாகர்கோவில் அக்கா, நீங்கள் எழுதியதை ஐயரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இனி சாட்சி நேரத்தில் விருப்பப்பட்டவர்கள் மட்டும் எழுந்து பேசட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். தாம்பரம் தங்கச்சி, எங்கள் சங்கத்தில் வர முடியாதவர்கள் பட்டியல் போட்டோம், பதினொன்று பேர். பக்கத்துத் தெருவில் படுக்கையாக இருக்கிற ஒரு பெரியம்மாவை நான் மறந்தே போயிருந்தேன்.

கணக்கு விஷயத்தை அக்காவிடம் மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது சபைக்குள், அதைத் தீர்ப்பதும் அங்கேயேதான். போன சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, இரண்டு பக்கத்தையும் வாசித்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். கை நடுங்கியது. அக்கா முதல் வரிசையில் தன் வீட்டுக்காரரையும் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள்.