ரீகாயில்: உதைப்பா, எற்றா, எகிறலா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். பெரிய விட்டக் கைத்துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து ஒப்பிட்டு, நம் அரிசோனாக்காரர் தம் சங்க இதழுக்கு ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். 'ரீகாயில்', அதாவது சுட்டதும் துப்பாக்கி பின்னே வந்து கையில் மோதுவது, பத்திக்குப் பத்தி வருகிறது. அகராதி 'பின்னடைவு' என்கிறது. "டெசர்ட் ஈகிள் துப்பாக்கிக்குப் பின்னடைவு அதிகம்" என்று போட்டால், அது இடைத்தேர்தலில் நின்றதா என்று கேட்பார்கள். நல்ல சொல் தாருங்கள். செமி ஆட்டோமேட்டிக்குக்குப் 'பகுதித் தானியங்கி' என்று போட்டாயிற்று. தயவுசெய்து அதைக் கிளற வேண்டாம்.

தமிழாசிரியர்:
கிளறாமல் எப்படி? தானியங்கியில் பகுதி ஏது? முதலில் துப்பாக்கியே துருக்கி வழி வந்த சொல். 'சுடுகலன்' இருக்கிறது. உங்கள் கேள்விக்கு விடை 'பின்னெற்று'. எற்றுதல் என்றால் உதைத்தல், மோதுதல். எய், எறி, எற்று மூன்றும் ஒரே வேர் என்பேன். எம்பு, எக்கு, எகிறு எல்லாம் அதன் கிளைகள்தாம் என்பது என் கருத்து. 'உதைப்பு' என்று யாரும் வர வேண்டாம். பழைய அகராதிகளில் உதைத்தலுக்கு அம்பெய்தல் என்றே ஒரு பொருள் உண்டு. முன்னே போவதன் பெயரைப் பின்னே வருவதற்கு வைப்பதா?

மொழிபெயர்ப்பாளர்:
அதற்குத்தானே ஐயா முன்னால் 'பின்' நிற்கிறது. பின்னுதைப்பு. 'பின்னெற்று' என்று அச்சில் போட்டால் பாதிப்பேர் பின்னால் ஏதோ எழுத்து விட்டுப்போயிற்று என்பார்கள்.

அரிசோனாக்காரன்:
ஐயா, எந்தச் சொல்லானாலும் சரி, ஒரே சொல்லைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள். 1911 வகைத் துப்பாக்கியில் .45 ஏசிபி தோட்டாவைச் சுட்டால் உள்ளங்கையை யாரோ நிதானமாகத் தள்ளுவது போலத்தான் இருக்கும். எஃகுச் சட்டம், ஒரு கிலோவுக்கு மேல் எடை. குண்டு கனம், வேகமோ ஒலியைவிடக் குறைவு. தள்ளிவிட்டு அதுவே குறிக்குத் திரும்பிவிடும். கிளாக் 20 துப்பாக்கியில் 10 மி.மீ. ஆட்டோ தோட்டா அப்படியல்ல. சட்டம் பாலிமர், காலியாக இருந்தால் முக்கால் கிலோவைச் சற்றே தாண்டும். குழல்வாய் வெடுக்கென்று மேலே போகும். அடுத்த குண்டுக்கு முன்குறியை, அதாவது குழல் நுனியில் குறிபார்க்கும் முனையை, தேட வேண்டும்.

.50 ஏஇ தோட்டா போடும் டெசர்ட் ஈகிள் வேறு ரகம். ஏறக்குறைய இரண்டு கிலோ. வாயுவால் இயங்குவது: குழலின் அடித்துளை வழியே வெடிவாயுவில் கொஞ்சம் முன்னே போய் ஓர் உந்துதண்டைத் தள்ள, அது மேலுறையை (ஸ்லைடு) பின்னுக்கு அனுப்பும். தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் பூட்டு (போல்ட்) சுழன்று திறக்கும், ரைபிளில் போல. அதனால்தான் வெறும் ஈயக் குண்டு போடாதே என்பார்கள், ஈயம் அந்தத் துளையை அடைத்துவிடும். கையில் படுவது பளாரென்ற அடியல்ல, முழங்கை வரை ஏறும் ஒரு தூக்கல். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் மேலுறை முழுத்தூரம் போகாது, அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும். சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு சில நேரம் நேரே நெற்றிக்கு வரும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

ஆக, பின்னால் வருவது ஒன்று, வாய் மேலே போவது இன்னொன்று. எனக்கு இரண்டு சொல் வேண்டும். இன்னொன்று: ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்) என்பதில் 'ஏ' ஆட்டோமேட்டிக்தான், ஆனால் 1911ஐ ஒவ்வொரு முறையும் விசையை இழுத்தால்தான் சுடும். அந்தக் காலத்தில் தோட்டாவைத் தானே ஏற்றிக்கொண்டாலே ஆட்டோமேட்டிக். பகுதி, முழுமை என்ற சண்டையெல்லாம் பின்னால் வந்தது.

தமிழாசிரியர்:
அப்படியானால் 'தன்னேற்றி'. நான் அப்போதே சொல்ல வந்தேன்.

இயற்பியல் ஆசிரியை:
கணக்கைப் பாருங்கள். .45 குண்டு சுமார் 15 கிராம், நொடிக்கு 255 மீட்டர்: உந்தம், அதாவது நிறையை (கிலோவில்) வேகத்தால் பெருக்கியது, 3.8. அந்த .50 குண்டு 19.4 கிராம், சுமார் 450 மீட்டர்: 8.7. இரண்டேகால் மடங்குக்கும் மேல். துப்பாக்கியின் எடையோ இரண்டு மடங்குகூட ஏறவில்லை. மருந்து வாயுவின் உந்தமும் இதோடு சேரும். இது உந்த அழிவின்மை. 'பின்னுந்தம்' என்று சொன்னால் வகுப்பிலேயே புரியும்.

அரிசோனாக்காரன்:
கணக்கு சரிதான் அக்கா. ஆனால் அதே கணக்கில் கிளாக் டெசர்ட் ஈகிளுக்குக் குறையாத வேகத்தில் பின்னே வரும். கையில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. பிடியின் அகலம், குழல் கைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இதெல்லாம் உந்தத்தில் வராது.

திருகோணமலையான்:
எங்கட பக்கம் பின்னுதைப்பு என்றால் எல்லாருக்கும் விளங்கும். தோட்டாவை ரவை என்போம், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் மேகசினை ரவைக்கூடு என்போம். புதிதாக ஆக்குவதற்கு முன் புழங்குகிற சொல்லைக் கேட்கலாமே, அண்ணை.

தமிழாசிரியர்:
புழக்கம் என்றால் 'கிக்' என்றே எழுதிவிடலாம். அப்புறம் இந்தக் குழு எதற்கு? துப்பு என்றால் வலிமை. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி'...

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, பன்னிரண்டாம் குறள் மழையைப் பற்றியது. அங்கே துப்பு உணவு. காலையில் துருக்கிச் சொல் என்று தள்ளிவைத்ததை மாலையில் வள்ளுவர் கையில் கொடுக்கிறீர்கள்.

தமிழாசிரியர்:
வலிமை என்ற பொருளும் உண்டு என்றுதான் சொன்னேன். சொல் எங்கிருந்து வந்தது என்பது வேறு.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, நேரமில்லை. பின்னுதைப்புக்கு நால்வர், பின்னுந்தத்துக்கு ஒருவர், பின்னெற்றுக்கு ஐயா. ரீகாயிலுக்குப் பின்னுதைப்பு, வாய் மேலே போவதற்கு எகிறல் என்று வைத்துக்கொள்கிறேன். 'எகிறு' ஐயாவின் பட்டியலிலேயே இருக்கிறது, அவர் மறுக்க முடியாது. கணக்கு வரும் ஒரே பத்தியில் மட்டும் அக்காவின் பின்னுந்தம். தலைப்பு 'பெருவிட்டப் பகுதித் தானியங்கிக் கைத்துப்பாக்கிகள்' என்று ஒரு வரியில் அடங்கவில்லை. இதழாசிரியர் 'பெரிய பிஸ்டல்கள்' ஆக்கிவிட்டார்.

தமிழாசிரியர்:
எகிறலை நான் மறுக்கவில்லை. பின்னுதைப்பை ஏற்கவும் இல்லை. எற்றுக்கு இலக்கியச் சான்றுகளுடன் தனி மடல் வரும்.

திருகோணமலையான்:
ரவைக்கூடு என்னாச்சு?

மொழிபெயர்ப்பாளர்:
மேகசின் என்றே போய்விட்டது. பக்கம் அச்சுக்கு ஏறியாயிற்று.